எச்சரிக்கையைக் கள்வனும் வாசிக்கிறான்

எமது வர்த்தகர்களில் கணிசமானோர் இன்று கடையோடு சேர்த்து ஓர் இணையத்தளத்தையும் வைத்திருக்கிறார்கள். புடவைக் கடைக்காரர் படம் போட்டு ஓடர் எடுக்கிறார். ஹாட்வெயார்காரர் விலைப்பட்டியலை ஏற்றி வைத்திருக்கிறார். உம்ரா பயணங்களை ஒழுங்கு செய்பவர் பெயர், விலாசம், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் வாங்கிக் கொள்கிறார். காலத்தோடு ஒட்டிய நல்ல முயற்சிதான். ஆனால் அத்தளம் சம்பந்தமாக வரும் பாதுகாப்பு எச்சரிக்கைகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், அப்படியும் ஒன்று வருகிறதா என்று பெரும்பாலானோர் என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

வருகிறது. கடைகளின் கணக்கு வழக்குகளைப் பார்ப்பவன் என்ற வகையில் பல முதலாளிமாரின் மின்னஞ்சல் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வங்கிக் கூற்றைத் தேடிப் போகும்போது இடையில் ஆங்கிலக் கடிதங்கள் திறக்கப்படாமலே கிடக்கும். உங்கள் தளத்தின் மென்பொருளில் பாரதூரமான ஓட்டையொன்று கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, உடனடியாகப் புதுப்பித்துக் கொள்ளுங்கள் என்பதுதான் அவற்றின் சாரம். கழிவு விலை விளம்பரங்களோடு விளம்பரமாக அவையும் கிடக்கின்றன. காசோலை திரும்பியதாக வங்கியிலிருந்து கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமல் லாச்சியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வியாபாரி எவரும் இல்லை. இணையத்தளம் பற்றிய எச்சரிக்கையையும் அந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

முதலில் இந்த ஓட்டை என்றால் என்னவென்று பார்ப்போம். ஓடர் எடுக்கும் தளம் வெறும் பெயர்ப்பலகை அல்ல. எங்கோ ஒரு கணனியில் இரவு பகலாக ஓடிக் கொண்டிருக்கும் ஒரு செயலி அது. வாடிக்கையாளர் பெட்டியில் எழுதுவதை எடுத்துக் கொண்டு போய்ப் பதிவேட்டில் தேடும், சேர்க்கும், பதில் கொண்டு வரும். உங்கள் ஸ்டோர் அறையில் நிற்கும் பையனை நினைத்துக் கொள்ளுங்கள். முன் கடையிலிருந்து ஒரு துண்டு வருகிறது: நீலச் சாரன் பத்து. பையன் எடுத்துக் கொடுக்கிறான். ஒரு நாள், வாங்க வந்தவனே அந்தத் துண்டின் கீழே கடன் கொப்பியையும் கொடுத்து விடு என்று ஒரு வரியைச் சேர்த்து விடுகிறான். பையன் கையெழுத்தைப் பார்ப்பவன் அல்லன், எழுதியிருப்பதைச் செய்பவன். கடன் கொப்பி வெளியே போய்விடுகிறது. கணனித் துறையினர் எஸ்.கியூ.எல். இன்ஜெக்ஷன் என்று அழைக்கும் தாக்குதல் ஏறக்குறைய இதுதான். தொலைபேசி இலக்கம் எழுத வேண்டிய பெட்டியில் கட்டளையை எழுதுவது. 1998ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாக எழுதப்பட்டுவிட்ட தந்திரம் இது. இன்றும் வேலை செய்கிறது.

இப்படியான ஓட்டைகளை மென்பொருளைச் செய்தவர்களோ வெளியாட்களோ கண்டுபிடிப்பார்கள். செய்தவர்கள் திருத்தத்தைத் தயாரித்து, இந்தப் பதிப்பில் இந்தக் குறை இருக்கிறது, இதைப் போட்டுக் கொள்ளுங்கள் என்று அறிவிப்பார்கள். இதுவே எச்சரிக்கை. இங்கேதான் எம்மவர் பலருக்குப் புரியாத ஒரு சங்கதி இருக்கிறது. அந்த அறிவித்தல் உலகத்துக்கே பொதுவானது. அதைக் கள்வனும் வாசிக்கிறான். பூட்டுக் கொம்பனியொன்று பத்திரிகையில், எமது இந்த மாதிரிப் பூட்டு ஒரு சிறு கம்பியால் திறபடுகிறது, புதிய சுருளை இலவசமாகப் பெற்றுக் கொள்ளுங்கள் என்று விளம்பரம் செய்ததாக வைத்துக் கொள்ளுங்கள். சுருளை வாங்க வருபவர்களை விடக் கம்பி வாங்கப் போகிறவர்கள் முந்திக் கொள்வார்கள். பழைய பதிப்பையும் திருத்திய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்பது விடயம் தெரிந்தவனுக்கு விளங்கிவிடும். அறிவித்தல் வரும் வரை ஒரு சிலருக்கு மாத்திரம் தெரிந்திருந்த வழி, அறிவித்தல் வந்த நிமிடத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த வழியாகி விடுகிறது.

இரவு ஒன்பதரைக்கு வந்த அறிவித்தல்

ட்ரூபல் என்பது இணையத்தளங்களைக் கட்டுவதற்குப் பாவிக்கப்படும் ஓர் இலவச மென்பொருள். 2014 ஒக்டோபர் 15ஆம் திகதி புதன்கிழமை, அதன் 7ஆம் பதிப்பில் நான் மேலே சொன்ன வகை ஓட்டை இருப்பதாக அதன் பாதுகாப்புக் குழு அறிவித்தது. திருத்தமும் கூடவே வெளியானது. எமது நேரப்படி அப்போது இரவு ஒன்பதரை மணியளவில் இருக்கும். கடையைப் பூட்டி, வீடு போய், சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருக்கும் நேரம்.

இரண்டு கிழமை கழித்து, ஒக்டோபர் 29ஆம் திகதி, அதே குழு இன்னோர் அறிவித்தலை விடுத்தது. முதல் அறிவித்தல் வெளியாகி ஏழு மணித்தியாலங்களுக்குள் திருத்தத்தைப் போடாத ஒவ்வொரு ட்ரூபல் 7 தளமும் ஊடுருவப்பட்டுவிட்டது என்றே எண்ணிக் கொண்டு காரியம் பாருங்கள் என்று அதில் சொல்லப்பட்டது. ஏழு மணித்தியாலம் என்றால் எமக்கு மறுநாள் அதிகாலை நாலரை மணி. சுபஹுக்கு எழும்பி, தொலைபேசியைக் கையில் எடுத்து, கடிதத்தைப் பார்த்து, தளம் செய்து தந்த தம்பிக்கு அழைப்பு எடுத்திருந்தாலும் நேரம் கடந்திருக்கும்.

அந்த அறிவித்தலில் இன்னுமொரு விடயமும் இருந்தது. நீங்கள் திருத்தம் போடாமலேயே உங்கள் தளம் திருத்தப்பட்டிருப்பதாகத் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது ஊடுருவலின் அறிகுறியாக இருக்கலாம் என்றது. உள்ளே புகுந்த கள்வர்களில் சிலர், வேறு கள்வன் வராதிருக்கத் தாங்களே ஓட்டையை அடைத்துவிட்டு உட்கார்ந்து கொண்டார்கள். களவெடுக்க வந்தவன் உள்ளே நின்றபடி புதுப் பூட்டுப் போடுவது போன்ற வேலை. ஆகவே திருத்தத்தைப் போட்டாயிற்று என்பது கதையின் முடிவல்ல. பிந்திப் போட்ட திருத்தம் கதவைச் சாத்துமே தவிர உள்ளே இருப்பவனை வெளியேற்றாது. தெரியாத பெயரில் புதிய நிர்வாகிக் கணக்கு ஏதும் முளைத்திருக்கிறதா, யாரும் ஏற்றாத கோப்பு ஏதும் கிடக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். முடிந்தால் அறிவித்தலுக்கு முந்திய திகதியில் எடுத்து வைத்த பிரதியிலிருந்து தளத்தை மீளக் கட்டுவதே உத்தமம்.

“எங்கட சைட்டுல என்னத்த ஈக்கி?”

இப்படிச் சொல்லும்போது எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான். அமெரிக்காவில் பெரிய பெரிய கொம்பனிகள் இருக்கும்போது எங்கட சின்னச் சைட்டை எவன் தேடி வரப் போகிறான் என்கிறார்கள்.

எவனும் தேடி வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் இங்கே தேடுவது மனிதன் அல்லன். ஒரு குறிப்பிட்ட பதிப்பைப் பாவிக்கும் தளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று உலகம் முழுவதும் தட்டிப் பார்க்கும் செயலிகள் உள்ளன. தெருவில் வரிசையாக எல்லாக் கடைக் கதவையும் தள்ளிப் பார்த்துக் கொண்டு போகிறவனுக்குப் பெயர்ப்பலகை முக்கியமில்லை. எது திறபடுகிறதோ அது.

2017 ஜனவரி 26ஆம் திகதி, சிறு கடைகள் மிக அதிகமாகப் பாவிக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தனது 4.7.2 பதிப்பை வெளியிட்டது. அதில் அடைக்கப்பட்ட ஓட்டை என்னவென்றால், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே வெளியாள் ஒருவர் உங்கள் தளத்தின் பக்கங்களில் உள்ள எழுத்துகளை மாற்றிவிடலாம். செய்தவர்கள் கெட்டிக்காரத்தனமாக அந்த ஓட்டையைப் பற்றி மாத்திரம் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. தானாகப் புதுப்பித்துக் கொள்ளும் வசதி வேர்ட்பிரஸில் 2013 முதலே இருப்பதால், அந்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான தளங்கள் தாமாகவே பாதுகாப்பாகி விட்டன. பெப்ரவரி 1ஆம் திகதி உண்மை வெளியானது. அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தவர்களின் பக்கங்கள் இலட்சக்கணக்கில் அலங்கோலப்படுத்தப்பட்டன.

அப்போது தாக்கியவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். எமது கடைகளின் நிலையை வைத்து இதைக் கொஞ்சம் யோசியுங்கள். இங்கே அநேகமான சிறு தளங்களில் அட்டை மூலம் பணம் செலுத்தும் வசதி இல்லை. இன்ன வங்கி, இன்ன கிளை, இன்ன கணக்கு இலக்கத்துக்குப் பணத்தைப் போட்டுப் பற்றுச்சீட்டை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றுதான் எழுதியிருக்கும். பக்கத்தில் உள்ள எழுத்தை மாற்றக் கூடிய ஒருவனுக்கு அந்தக் கணக்கு இலக்கத்தை மாற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்? பத்து இலக்கங்கள் மாறினால் போதும். வாடிக்கையாளர் பணம் போட்டிருப்பார், பற்றுச்சீட்டும் அனுப்பியிருப்பார், சரக்கும் கேட்பார். உங்கள் கணக்கில் ஒரு சதமும் வந்திருக்காது. சண்டை உங்களுக்கும் அவருக்கும் இடையில்.

அட்டை வசதி வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான தலையிடி. பணம் செலுத்தும் பக்கத்தில் சில வரி நிரலைச் செருகி, வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் அட்டை இலக்கத்தை அப்படியே பிரதியெடுத்து வேறிடத்துக்கு அனுப்புவார்கள். தளம் வழமை போல வேலை செய்யும், பணமும் உங்களுக்கு வரும், ஒருவருக்கும் சந்தேகம் எழாது. 2018இல் பிரிட்டிஷ் எயார்வேஸுக்கு இதுவே நடந்தது. செருகப்பட்டது 22 வரிகள். தகவல் பாதுகாப்பில் கவனக்குறைவாக இருந்ததற்காக 2020இல் பிரித்தானிய அதிகாரிகள் அந்நிறுவனத்துக்கு 20 மில்லியன் பவுண் அபராதம் விதித்தார்கள். அது பெரிய கொம்பனி என்பீர்கள். அதே 2020இல், செப்டெம்பர் மாதத்து ஒரு வார இறுதியில், மஜென்டோ என்ற கடை மென்பொருளைப் பாவித்த ஏறத்தாழ 2000 கடைகளில் இதே வேலை செய்யப்பட்டது. அவற்றில் அநேகமானவை மஜென்டோவின் முதலாம் பதிப்பில் ஓடியவை. அந்தப் பதிப்புக்கு 2020 ஜூன் மாதத்தோடு ஆதரவு முடிகிறது, மாறிக் கொள்ளுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லியும் மாறாதிருந்தவை. எச்சரிக்கை என்பது திடீரென்று வரும் கடிதம் மாத்திரமல்ல. திகதி குறிப்பிட்டு முன்கூட்டியே சொல்லப்படும் எச்சரிக்கையும் உண்டு, அதையும் யாரும் வாசிப்பதில்லை.

நானூறு பேருக்குப் போன கடிதம்

பணமும் ஆளணியும் இருந்தால் மட்டும் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்காக எக்குவிஃபெக்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் யார் கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்ற விபரங்களைச் சேகரித்து வங்கிகளுக்கு விற்கும் நிறுவனம் அது. எமது கிரிப் நிறுவனத்தைப் போன்றது, ஆனால் தனியாருடையது, பிரமாண்டமானது.

2017 மார்ச் மாதம் 7ஆம் திகதி, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் அமெரிக்க அரசின் கணனி அவசரப் பிரிவு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அதற்கு மறுநாள் எக்குவிஃபெக்ஸின் பாதுகாப்புப் பிரிவு அதைத் தனது ஊழியர்கள் நானூறு பேருக்கு மேல் அனுப்பி, 48 மணித்தியாலங்களுக்குள் திருத்தத்தைப் போடுமாறு கட்டளையிட்டது. இதுவரை எல்லாம் ஒழுங்கு. பிசகியது எங்கே? அந்த மென்பொருள் நிறுவனத்தின் எந்தத் தளத்தில் பாவிக்கப்படுகிறது என்பதை அறிந்திருந்த நிரலாளரின் பெயர் அந்த நானூறு பேர் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளரின் பெயர் இருந்தது. கடிதம் மேலாளருக்குக் கிடைத்தது. அவர் அதை அனுப்பி வைக்கவில்லை. ஒரு கிழமை கழித்துத் தளங்களைச் சோதித்துப் பார்த்த கருவியும் அந்த ஓட்டையைக் காணவில்லை. எல்லோரும் வேலை முடிந்ததென்று எண்ணிக் கொண்டார்கள்.

மே மாதம் 13ஆம் திகதி, வாடிக்கையாளர் முறைப்பாடு செய்யும் பழைய இணையப் பக்கமொன்றின் வழியாகக் கள்வர் உள்ளே வந்தார்கள். உள்ளே கடவுச்சொற்கள் எழுதப்பட்ட கோப்பொன்று திறந்தே கிடந்தது. அதை எடுத்துக் கொண்டு மற்றக் களஞ்சியங்களுக்கும் போனார்கள். வெளியே போகும் தகவல்களைக் கண்காணிக்க வேண்டிய கருவி, அதற்குரிய சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்களாகக் கண் மூடிக் கிடந்தது. ஜூலை 29ஆம் திகதி அந்தச் சான்றிதழைப் புதுப்பித்தபோதுதான் தகவல் வெளியே போவது தெரிந்தது. அதற்குள் 147 மில்லியன் பேருடைய விபரங்கள் போய்விட்டன. நிறுவனம் மக்களுக்குச் சொன்னது செப்டெம்பர் 7ஆம் திகதி. அம்மாத இறுதிக்குள் தலைவர் பதவி விலகினார். 2019இல் வழக்குகளை இணக்கத்துக்குக் கொண்டுவர 575 மில்லியனிலிருந்து 700 மில்லியன் டொலர் வரை செலுத்த ஒப்புக் கொண்டார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கோடிக்கணக்கான டொலர் அல்ல, அந்த நானூறு என்ற எண்ணிக்கைதான். எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்றால் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று அர்த்தம். எமது கடைகளில் நானூறு பேர் இல்லை, நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் நோய் அதேதான். முதலாளி, அது மகன் பார்க்கும் விடயம் என்கிறார். மகன், அது சைட் செய்த தம்பியின் வேலை என்கிறார். சைட் செய்த தம்பி கட்டாருக்குப் போய் மூன்று வருடம்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த கடைகள் சிலவற்றில் தளத்தின் பெயரும், அது வாடகைக்கு இருக்கும் சேர்வர் கணக்கும், அதைக் கட்டித் தந்த பையனின் சொந்த மின்னஞ்சலிலேயே இன்னமும் பதிவாகி இருக்கின்றன. அதாவது, எச்சரிக்கை வருகிறது, கடைக்காரருக்கு அல்ல, தோஹாவில் வேறு தொழில் செய்யும் ஒருவருக்கு. அவரும் நல்லவர்தான். ஆனால் தனக்குச் சம்பந்தமில்லாத கடைக்கு வரும் கடிதத்தை எவர் தினமும் திறந்து பார்ப்பார்? கடையின் உறுதிப் பத்திரத்தை வேறொருவர் பெயரில் வைத்திருக்க எந்த வியாபாரியும் சம்மதிக்க மாட்டார். தளத்தின் பெயர் விடயத்தில் மாத்திரம் ஏன் இவ்வளவு தாராளம் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்காகத் தளம் செய்யும் தம்பிமாரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பேரம் பேசிப் பேசி, கடைசி விலைக்கு இறக்கி, ஒரே தடவையாகக் காசைக் கொடுத்துவிட்டு, அதன் பின் ஆயுள் முழுவதும் அவர் இலவசமாகக் காவல் காக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். குளிரூட்டியைச் சேர்விஸ் செய்ய வருபவருக்குக் காசு கொடுக்கிறோம். இரவுக் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கிறோம். தளத்துக்கு மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் என்றவுடன் முகம் சுருங்குகிறது. காசு இல்லாதபோது அவரும் குறுக்கு வழி தேடுகிறார். விலை கொடுத்து வாங்க வேண்டிய பிளகின்களைக் களவாக இறக்கிப் போட்டு விடுகிறார். அப்படிப் போட்டவற்றுக்கு, செய்தவர்களிடமிருந்து திருத்தம் ஒழுங்காக வந்து சேராது. போதாதற்குச் சிலவற்றில் கள்வனுக்கான பின்கதவு முதலிலேயே வைக்கப்பட்டிருக்கும். வேர்ட்பிரஸ் தன்னைத் தானே புதுப்பித்துக் கொண்டாலும் பிளகின்களுக்கு அந்த வசதியை நாமாகவே போட்டுவிட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். ஓட்டைகளில் பெரும்பாலானவை வருவது அவற்றின் வழியாகத்தான்.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரியைச் சேருங்கள். பாரதூரமான எச்சரிக்கை வந்தால் இத்தனை மணித்தியாலத்துக்குள் திருத்தம் போடப்படும், போட முடியாவிட்டால் தளம் தற்காலிகமாக மூடப்படும். அந்த இரண்டாவது பாதிதான் கடினமானது. நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது எச்சரிக்கை வருகிறது என்று வையுங்கள். வருடத்தில் பாதி விற்பனை அந்தப் பத்து நாளில். புதுப்பித்தால் ஏதாவது பிசகி ஓடர் பக்கம் வேலை செய்யாமல் போகலாம் என்று தம்பி சொல்கிறார். அவர் சொல்வதும் பொய்யல்ல, அப்படி நடப்பதுண்டு. பெருநாள் முடியட்டும், பார்ப்போம் என்று சொல்லத் தோன்றும்.

அந்தத் தீர்ப்பை அவசரத்தில் எடுக்கக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டிப் பேசி வைக்கச் சொல்கிறேன். என்னைக் கேட்டால், முழுத் தளத்தையும் மூடத் தேவையில்லை. படங்களை மாத்திரம் சாதாரணப் பக்கமாக வைத்துவிட்டு, ஓடர் எடுக்கும் பகுதியையும் உள்நுழையும் பகுதியையும் நிறுத்தி, தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள் என்று ஓர் அறிவித்தல் போடலாம். இரண்டு நாள் கையால் எழுதி வியாபாரம் செய்ய எமக்குத் தெரியாதா என்ன? இந்த இணையம் வர முன்னர் பெருநாள் வியாபாரம் நடக்கவில்லையா? அந்த முடிவை இரவு பதினொரு மணிக்கு முதலாளியை எழுப்பாமலே எடுக்கும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுத்து வைக்க வேண்டும். கடையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவா என்று எவரும் போன் எடுத்துக் கேட்பதில்லை.

வருகின்ற எல்லா எச்சரிக்கையும் உண்மையானதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் வேர்ட்பிரஸ் பாதுகாப்புக் குழுவின் பெயரிலேயே ஒரு போலிக் கடிதம் உலகெங்கும் சுற்றியது. உங்கள் தளத்தில் இன்ன இலக்கமுடைய ஓட்டை இருக்கிறது, இந்தப் பிளகினை இறக்கிப் போடுங்கள் என்றது. கடிதமும் அது கொண்டு போய்விடும் பக்கமும் அசலைப் போலவே இருந்தன. அந்தப் பிளகினைப் போட்டவர்கள் தங்கள் கையாலேயே கள்வனுக்கு நிர்வாகிக் கணக்கொன்றைத் திறந்து கொடுத்தார்கள். இதற்காக எல்லாக் கடிதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கடிதத்தை வாசியுங்கள், ஆனால் அதில் உள்ள லிங்கை அழுத்த வேண்டாம். உங்கள் தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்கு வழமையான வழியில் நீங்களே போய்ப் பாருங்கள். உண்மையான திருத்தமாயின் அங்கேயே காத்துக் கொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் 2006ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்தின் அறிவித்தல்களைப் பாருங்கள், அல்லது அவர்களிடமே கேளுங்கள்.

பிரதி எடுத்து வைப்பது பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. எமது நாட்டு அரசாங்கமே பட்ட பாடு போதும். 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவை ரென்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களை மீட்க முடியாமல் போய்விட்டது. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. பாவித்த மென்பொருளும் காலம் கடந்த பதிப்பு. பணமில்லாமல் புதுப்பிப்பது தள்ளிப் போனதாகச் சொல்லப்பட்டது. பிரதி எடுக்கப்படுகிறதா என்று கேட்பது போதாது. அதிலிருந்து ஒரு முறை தளத்தை மீட்டெடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் யாருக்குச் சொல்வது என்ற கேள்வி. ஊடுருவல் நடந்துவிட்டது என்று தெரிந்தால் எம்மவரின் முதல் எண்ணம், வெளியே தெரியக் கூடாது, பெயர் கெட்டுவிடும் என்பதுதான். வியாபாரியின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் போனது உங்கள் சரக்கு அல்ல. வாடிக்கையாளர் நம்பித் தந்த இலக்கமும் விலாசமும் கடவுச்சீட்டு விபரமும் உங்களிடம் இருந்த அமானிதம். அதைக் காட்டி நாளை அவரையும் ஏமாற்ற ஒருவன் வருவான். நீங்கள் சொன்னால் அவர் வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்திக் கொள்ளலாம். சொல்லாவிட்டால் அவர் வேறொருவர் மூலம் அறிந்து கொள்வார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன் பிரிவுகளைக் கட்டம் கட்டமாக நடைமுறைக்குக் கொண்டு வரும் விதத்திலேயே அது ஆக்கப்பட்டுள்ளது. இத்தகைய ஊடுருவல்களை அறிவிக்கும் கடமையும் அதில் உண்டு. வாடிக்கையாளரின் விபரங்களைச் சேகரிக்கும் கடைகள் தமது சட்டத்தரணியிடம் இதைப் பற்றி இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

ஒரு சிறு கடைக்குத் தனியாக ஒருவரை வைத்து எச்சரிக்கைகளைப் பார்க்கச் சொல்வது கட்டுப்படியாகாது. ஆனால் புறக்கோட்டைத் தெருக்களில் பல கடைகள் சேர்ந்து ஓர் இரவுக் காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது புதிதல்லவே. இருபது கடைகள் மாதம் 2500 ரூபாய் வீதம் போட்டால் 50,000 ரூபாய். இத்துறை தெரிந்த இளைஞர் ஒருவர் பகுதி நேரமாக இருபது தளங்களையும் பார்த்து, எச்சரிக்கை வந்தால் எந்தக் கடைக்குப் பொருந்தும் என்று சொல்லி, திருத்தத்தையும் போட்டுத் தரலாம். எமது ஊர்களில் படித்துவிட்டு இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வருமானம். வர்த்தகச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசலாம். கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தமது தளம் எந்த மென்பொருளில் எந்தப் பதிப்பில் ஓடுகிறது, அதன் பெயரும் சேர்வர் கணக்கும் யாருடைய மின்னஞ்சலில் இருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்தால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.